ஓய்வுக்குப் பின் நண்பர்களோடு டெல்டாவில் தூண்டில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஐந்து பேர் நாங்கள். ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலைச் சேரும் இடத்தில், மாதம் இரண்டு முறை ஒரே படகில் தூண்டில் போடப் போகிறோம். எங்களைப் பார்த்து, தாங்களும் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான் என்பதால் எழுதி வைக்கிறேன். இது போட்டிக்கு மீன் பிடிப்பவர்களுக்கானது அல்ல. அறுபதைத் தாண்டியவர்களுக்கு, ஒரு நாள் தண்ணீரில் இருந்துவிட்டு நல்லபடியாக வீடு திரும்ப நினைப்பவர்களுக்கு.

நாங்கள் கடைப்பிடிப்பது இரண்டே விதி. நீரின் நேரத்துக்கு நாம் போக வேண்டும். எங்கள் ஐவரில் அன்று யார் உடம்பு தளர்ந்திருக்கிறாரோ, அவரால் எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் அன்றைய பயணம். கீழே உள்ள பதில்களில் பாதி இந்த இரண்டிலிருந்து வந்தவை.

குளம், ஏரி எல்லாம் இருக்கும்போது டெல்டாவுக்கு ஏன் போக வேண்டும்?

மீனுக்கு அங்கே சாப்பாடு அதிகம். ஆறு கொண்டுவரும் வண்டலும் சத்தும் கடல் நீரோடு கலக்கும் இடத்தில் பாசி வளர்கிறது, அதைத் தின்னும் புழு பூச்சி வளர்கிறது, அப்புறம் இறால், நண்டு, சிறு மீன், பெரிய மீன் என்று வரிசை நீள்கிறது. கடல் மீன்கள் பலவற்றின் குஞ்சுகள் வளர்வதும் இங்கேதான். அலையாத்தி வேர்களுக்கும் நாணலுக்கும் இடையில் ஆழம் குறைவு, மறைவிடம் அதிகம். பெரிய வாய்கள் சுலபமாக உள்ளே வர முடியாது.

ஆற்றின் சத்து எவ்வளவு முக்கியம் என்பதற்கு நைல் நதியைச் சொல்லலாம். கிரேக்க எழுத்தான டெல்டாவின் முக்கோண வடிவத்தை ஒத்திருந்ததால் அதன் முகத்துவார நிலத்தைப் பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் 'டெல்டா' என்றே எழுதினாரே, அதே நைல். 1960களின் நடுவில் அஸ்வான் உயர் அணை ஆண்டு வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தியதும், முகத்துவாரத்துக்கு வெளியே கடலில் கிடைத்துவந்த சாளை மீன் சில ஆண்டுகளிலேயே பெருமளவு குறைந்துபோனது. வெள்ளம் சுமந்துவந்த சத்துதான் அந்த மீனுக்கு அடிப்படையாக இருந்திருக்கிறது.

எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. டெல்டாவின் உட்கால்வாய்களில் கடலின் பெரிய அலை கிடையாது. காற்று ஒரு பக்கம் வீசினால் மறுபக்கக் கரையோரம் ஒதுங்கி உட்காரலாம்.

எந்த நாளில், எந்த நேரத்தில் போவது நல்லது?

முதலில் சந்திரனைப் பாருங்கள், அப்புறம் கடிகாரத்தை. உலகின் பெரும்பாலான கரைகளில் கடல் நீர் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையில் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். போன வாரம் காலை எட்டு மணிக்கு நன்றாக மீன் கடித்தது என்பதற்காக இந்த வாரமும் எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்தால், அங்கே இருப்பது முற்றிலும் வேறு நீர்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் நிறைய ஏறி நிறைய வற்றும். ஓட்டம் வேகமாக இருக்கும். அரை நிலா நாட்களில் ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு. இளைஞர்கள் முதல் வகை நாட்களை விரும்புவார்கள். ஓடும் நீர் இரையை நகர்த்தும், மீன் சுறுசுறுப்பாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேகத்தில் நங்கூரம் நிற்காது, ஈயக்குண்டு கனமாகப் போட வேண்டும், நாள் முடிவதற்குள் கை ஓய்ந்துவிடும். நாங்கள் அரை நிலாவுக்கு இரண்டு நாள் கழித்துப் போகிறோம். ஓட்டம் மெல்ல வலுக்கத் தொடங்கியிருக்கும். மீனுக்கும் போதும், எங்களுக்கும் போதும்.

ஏறுவதும் வற்றுவதும் ஒரே சீராக நடப்பதில்லை. நீர் ஏற ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரியுங்கள். முதல் மணியில் ஒரு பங்கு ஏறும், இரண்டாவதில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, ஐந்தில் இரண்டு, ஆறில் ஒன்று. மாலுமிகளின் பழைய கணக்கு இது. தோராயம்தான் என்றாலும், நடு இரண்டு மணி நேரத்தில் பாதி நீர் நகர்கிறது என்பதை மனத்தில் பதியவைக்க இதைவிட எளிய வழி இல்லை. நான் வேலையில் இருந்த காலம் முழுக்கக் கணக்குப் பிரிவில் இருந்தவன். இந்தப் பன்னிரண்டு பங்கு கணக்கை முதன்முதலில் கேட்ட அன்று இரவு தூக்கமே வரவில்லை. துறைமுகத்தின் ஏற்ற வற்ற நேர அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு மாதம் முழுவதற்கும் போட்டுப் பார்த்தேன்.

எல்லா டெல்டாவும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மிசிசிப்பி டெல்டாவில் பெரும்பாலும் நாளுக்கு ஒரே ஏற்றம், ஒரே வற்றம், உயரமும் குறைவு. மத்தியதரைக் கடலில் சேரும் நைலிலும், கருங்கடலில் சேரும் டான்யூபிலும் ஏற்ற வற்றம் மிகச் சிறியது. அங்கே நீர்மட்டத்தை மாற்றுவது காற்றும் ஆற்று வெள்ளமும்தான். கங்கை–பிரம்மபுத்திரா டெல்டாவிலோ கடல் பல மீட்டர் ஏறி இறங்குகிறது. நீங்கள் போகும் இடம் இவற்றில் எந்த வகை என்று அங்குள்ள மீனவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அட்டவணையில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே நம்பலாமா?

கூடாது. நாங்கள் பட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் இரண்டாவது பயணம் அது. அட்டவணையில் வற்றம் மதியம் பன்னிரண்டு என்று இருந்தது. பதினொன்றரைக்குக் கால்வாயின் உட்பகுதியில் இருந்த ஒரு மேட்டுக்கு அருகே படகை நிறுத்தினோம். இன்னும் அரை மணியில் நீர் ஏறத் தொடங்கிவிடும் என்று நினைப்பு. நீர் வற்றிக்கொண்டே போனது. ஒரு மணிக்கு மேல் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

காரணம் இதுதான்: அட்டவணை சொன்னது துறைமுக வாயின் நேரம். நாங்கள் இருந்தது ஆற்றின் உள்ளே வெகுதூரத்தில். ஏற்றம் அங்கே வந்து சேர நேரமாகும். அதோடு, உள்ளே போகப் போக ஏறும் நேரம் குறுகும், வற்றும் நேரம் நீளும். ஆற்றின் சொந்த நீரும் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பதால் அப்படி.

இறங்கித் தள்ளலாம் என்று ஒருவர் காலை வைத்தார், முழங்கால் வரை சேறு இழுத்துக்கொண்டது. மூன்று பேர் சேர்ந்துதான் அவரை மேலே ஏற்றினோம். படகு மிதக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் எங்களில் மூத்தவர் இரண்டு மணிக்குப் போட வேண்டிய மாத்திரை நேரம் கடந்துவிட்டது. மாத்திரைப் பெட்டி கரையில் வண்டியில் இருந்தது. அவர் எதுவும் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை இன்றும் நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். நாங்கள் தூண்டில் போடும் இடத்தில் உண்மையில் நீர் எப்போது திரும்புகிறது என்று ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதுகிறோம். ஒரு வருடத்தில் அந்த நோட்டு அட்டவணையைவிட மேலாகிவிட்டது. இன்னொன்று, தெரியாத இடத்துக்குள் எப்போதும் ஏறும் நீரில்தான் நுழைவோம். தரை தட்டினாலும் சிறிது நேரத்தில் நீரே தூக்கிவிடும். வற்றும் நீரில் தட்டினால் உட்கார வேண்டியதுதான். சேற்றில் இறங்கவே கூடாது.

அவ்வளவு பெரிய பரப்பில் மீன் எங்கே நிற்கும்?

ஏறும் நீரில் மீன் கரையை நோக்கி வரும். காய்ந்து கிடந்த சேற்றின் மேல் நீர் பரவும்போது வளையிலிருந்து நண்டும் புழுவும் வெளிப்படும், அவற்றைத் தேடி அலையாத்தி வேர் வரை போகும். வற்றத் தொடங்கியதும் சிறு மீனும் இறாலும் சின்ன ஓடைகள் வழியே வெளியேறியாக வேண்டும். அந்த ஓடை பெரிய கால்வாயில் சேரும் வாயில்தான் வேட்டை மீன்கள் காத்து நிற்கும். இரை தானாக வாய்க்கு வந்து சேரும் இடம் அது. வற்றத்தின் முதல் இரண்டு மணி நேரத்தில் ஓர் ஓடை வாயில் தூண்டில் போட முடிந்தால், அன்றைய நாள் அதற்கே போதும்.

கலங்கல் நீரும் தெளிந்த நீரும் கோடு போட்டாற்போல் சேரும் இடம், கால்வாய் வளைவின் வெளிப்பக்க ஆழம், விழுந்து கிடக்கும் மரத்தின் பின்பக்கம் ஆகியவையும் நல்ல இடங்கள். மடவை கூட்டமாகத் துள்ளுவதைப் பார்த்ததும் அவசரமாக அதற்குத் தூண்டில் போடுகிறார்கள். மடவை பெரும்பாலும் பாசியையும் சேற்றின் மேல் படியும் மக்கலையும் தின்னும் மீன். இறைச்சி இரையை அவ்வளவாகச் சீண்டாது. ஆனால் மடவைக் கூட்டம் திடீரென்று சிதறி ஓடினால் அடியில் பெரிய மீன் ஒன்று துரத்துகிறது என்று அர்த்தம். அப்போது அதன் ஓரத்தில் போடுங்கள்.

பெருமழைக்குப் பிறகு போகலாமா?

இரண்டு மூன்று நாள் பொறுங்கள். கடல் நீரில் கிலோவுக்கு சுமார் 35 கிராம் உப்பு. அது கனமானது என்பதால் ஆற்று நீரின் அடியில் ஆப்பு போல உள்ளே நுழைந்திருக்கும். வெள்ளம் வந்தால் அந்த ஆப்பு கடலை நோக்கிப் பின்வாங்கும், உப்பு விரும்பும் மீன்களும் அதோடு போய்விடும். மேல் நீரில் எதுவும் கடிக்காவிட்டால் ஆழத்தில் போட்டுப் பார்ப்பது இதனால்தான். வெள்ளத்தில் மரக்கட்டைகள் மிதந்து வருவதையும் மறக்காதீர்கள். கலங்கல் நீரில் அவை கண்ணுக்குத் தெரியாது.

எப்படிப்பட்ட படகு? எத்தனை பேர் போகலாம்?

அகலமான, தட்டையான அடியுள்ள படகு. ஆழம் குறைந்த இடத்திலும் போகும், எழுந்து நின்றாலும் அதிகம் ஆடாது. உட்கார முதுகு சாயும் இருக்கை இருக்கட்டும். பின்பக்கம் ஏணி கட்டாயம் வேண்டும். நீரில் விழுந்த ஒருவரை, அதுவும் நனைந்த உடையோடு, நம் வயதில் இருப்பவர்கள் கையால் தூக்கிப் படகில் ஏற்ற முடியாது. நாங்கள் ஒரு நாள் ஆழமில்லாத இடத்தில் வேண்டுமென்றே முயன்று பார்த்தோம். நான்கு பேர் சேர்ந்தும் முடியவில்லை. மறுவாரமே ஏணி மாட்டினோம்.

படகில் ஆறு பேர் ஏறலாம் என்று எழுதியிருந்தால் நான்கு, அதிகம் போனால் ஐந்து. பை, பனிக்கட்டிப் பெட்டி, தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் ஓர் ஆள் எடை வந்துவிடும். மீன் மாட்டியதும் எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து வந்து பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள்.

நங்கூரத்தை எப்போதும் முன்பக்கத்திலிருந்து போடுங்கள். பின்பக்கம் கட்டினால் ஓடும் நீர் பின்சுவரைத் தாண்டி உள்ளே வந்துவிடும். கயிறு ஆழத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் இருந்தால்தான் நங்கூரம் பிடிக்கும். உயிர்காப்புச் சட்டையை மடித்து இருக்கைக்கு அடியில் வைப்பதில் பயன் இல்லை. கரையிலேயே போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். எங்கள் படகில் சட்டை போடாதவர் ஏறினால் மோட்டார் கிளம்பாது.

இதைக் கேட்கத் தயக்கம்தான். படகில் சிறுநீர் வந்தால் என்ன செய்வது?

தயக்கமே வேண்டாம், மிக முக்கியமான கேள்வி. படகின் விளிம்பில் நின்றுகொண்டு சிறுநீர் கழிக்கும்போது தவறி விழுந்து இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. உட்கார்ந்தபடி பயன்படுத்த மூடி உள்ள அகன்ற வாய் பாட்டில் ஒன்று ஒவ்வொருவருக்கும் தனியாக இருக்கட்டும், மறைப்புக்கு ஒரு துண்டு. மற்றவர்கள் திரும்பிக்கொள்வார்கள், அவ்வளவுதான். இந்தக் கூச்சத்துக்காகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. அது இன்னும் ஆபத்து.

ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் இருக்கிறது. நான் வரலாமா?

எங்கள் ஐவரில் நான்கு பேருக்கு இவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது. வரலாம். முதலில் உங்கள் மருத்துவரிடம், நாள் முழுக்க வெயிலில் படகில் இருக்கப் போகிறேன் என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். 'வெளியே போகிறேன்' என்று சொன்னால் அவருக்கு விஷயம் புரியாது.

வயதாக ஆகத் தாகம் எடுக்கும் உணர்வு மங்கும். உடம்பில் நீர் குறைந்தாலும் நமக்குத் தெரியாது. ஆகவே தாகத்துக்குக் காத்திருக்காமல், மணிக்கு ஒருமுறை எல்லாரும் ஒன்றாகக் குடிக்கிறோம். ஒருவர் நேரம் பார்ப்பார். இதய நோய்க்காகவோ சிறுநீரகத்துக்காகவோ தண்ணீருக்கு அளவு சொல்லப்பட்டவர்கள் அந்த அளவிலேயே இருக்க வேண்டும், அவர்களுக்கு வெயில் குறைந்த அரை நாள் பயணமே சரி. நீர் பிரியும் மாத்திரை போடுகிறவர்களுக்கு வெயிலில் திடீரென்று எழுந்தால் தலை சுற்றும். எழுவதற்கு முன் எதையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்சுலினைப் பனிக்கட்டி மேல் நேரடியாக வைக்காதீர்கள். உறைந்துபோனால் அது பயன்படாது. வெயிலில் கிடந்தாலும் கெடும். துணியில் சுற்றி, பனிக்கட்டி படாத ஒரு சின்னப் பெட்டியில் வைப்பது நல்லது. சர்க்கரை திடீரென்று குறைந்தால் கொடுக்க இனிப்பு எங்கே இருக்கிறது என்று படகில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. குமட்டலுக்குப் போடும் மாத்திரைகளில் பல தூக்கத்தைக் கொடுக்கும். புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கலாம், அதனால் மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடக் கூடாது. டாக்ஸிசைக்ளின் போன்ற சில மருந்துகள் எடுக்கும்போது வெயில் பட்டாலே தோல் எளிதில் வெந்துபோகும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுபவருக்கு ஒரு சின்னக் கீறலே நீண்ட நேரம் கசியும். சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், இடையில் எடுத்துப் பார்க்காதீர்கள்.

அப்புறம், மாத்திரைப் பெட்டி படகில் இருக்க வேண்டும். தண்ணீர் புகாத உறையில், அன்றைய வேளைக்கு இரண்டு மடங்காக. ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

கை நடுங்குகிறது, விரல் மூட்டு வலிக்கிறது, முடிச்சுப் போடக் கண் தெரியவில்லை. தூண்டில் போட முடியுமா?

முடிச்சுகளை எல்லாம் முந்தின நாள் வீட்டில், நல்ல வெளிச்சத்தில் போட்டுவிடுங்கள். முள்ளோடு கட்டிய அரை மீட்டர் தூண்டில் நரம்புத் துண்டுகள் இருபது, ஒரு அட்டையில் சுற்றி வைத்தால் படகில் கொக்கியில் மாட்டினால் போதும். எங்களில் கண்புரை அறுவைக்குக் காத்திருந்த ஒருவர் ஆறு மாதம் இப்படித்தான் தூண்டில் போட்டார், எங்களைவிட அதிகம் பிடித்தார்.

கைப்பிடி மெலிந்த தூண்டில் கோலை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், அதில்தான் மூட்டு வலிக்கும். பழைய சைக்கிள் டியூபையோ ஸ்பாஞ்சையோ சுற்றித் தடிமனாக்குங்கள். கோல் எடை குறைவாக இருக்கட்டும். பின்னல் நரம்பு வலுவானது, ஆனால் வெறும் கையில் சுற்றி இழுத்தால் விரலை அறுத்துவிடும்.

முள் வாங்கும்போது வட்ட முள் கேளுங்கள், அதாவது நுனி உள்நோக்கி வளைந்தது. கைநடுக்கம் உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி. மீன் கடித்ததும் வெடுக்கென்று இழுக்கவே கூடாது. நிதானமாகச் சுற்றினால் முள் தானாகவே வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். மீன் அதை வயிறு வரை விழுங்குவதும் குறைவு, அதனால் திரும்ப விடும் மீன் பிழைக்கும்.

முள் குத்தினால், கெளுத்தியோ திருக்கையோ கொட்டினால்?

கெளுத்தியின் முதுகுத் துடுப்பிலும் இரு பக்கத் துடுப்புகளிலும் விறைத்த முள் உண்டு. சின்ன மீன்தானே என்று கையால் பிடிப்பவர்களைத்தான் அது அதிகம் குத்தும். இடுக்கியால் பிடித்துத் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் நரம்பை வெட்டிவிடுங்கள். திருக்கை மணலில் பாதி புதைந்து கிடக்கும். கெட்டியான மணல் திட்டில் நடக்க நேர்ந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது விலகிப்போகும்.

இரண்டுக்கும் முதலுதவி ஒன்றே: குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய சுடுநீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருப்பது. வலி நன்றாகக் குறையும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடு தெரியாது, ஆகவே வேறொருவர் கை வைத்துப் பார்த்த நீராக இருக்க வேண்டும். இதற்காகவே நாங்கள் ஒரு ஃபிளாஸ்க் சுடுநீர் தனியாகக் கொண்டுபோகிறோம். மார்பு, வயிறு, கழுத்துப் பகுதியில் திருக்கை முள் பாய்ந்திருந்தால் பிடுங்கவே கூடாது, அப்படியே மருத்துவமனைக்கு. கண்ணருகே தூண்டில் முள் ஏறினாலும் அதேதான்.

சின்னக் காயம்தான், ஈரத்தில் இருந்தால் ஆறிவிடும் என்கிறார்களே?

இந்தப் பேச்சை நம்பாதீர்கள். வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியா வாழ்கிறது. கீறல் வழியே உள்ளே போனால் சில மணி நேரத்தில் தசையை அழிக்கும் அளவுக்குப் போகலாம், உயிருக்கே ஆபத்து. கல்லீரல் நோய், சர்க்கரை நோய், எதிர்ப்புச் சக்தி குறைவு உள்ளவர்களை இது கடுமையாகத் தாக்கும். ஏற்கெனவே ஆறாத புண் காலில் இருந்தால் அந்தப் புண் ஆறும் வரை வர வேண்டாம். படகில் கீறிக்கொண்டால் உடனே குடிநீராலும் சோப்பாலும் கழுவி, நீர் புகாதபடி மூடுங்கள். மாலைக்குள் காயம் சிவந்து பரவினாலோ, காயத்தின் அளவுக்கு மீறி வலித்தாலோ, கொப்புளம் வந்தாலோ விடியும் வரை காத்திருக்காதீர்கள். உவர்நீரில் பட்ட காயம் என்று மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகிவிட்டதா என்பதையும் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

எந்த மீனை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

உள்ளூர் சட்டம் சொல்லும் அளவுக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும், இதில் பேச்சே இல்லை. உரிமம் வேண்டுமா, எந்த மாதங்களில் தடை, எந்தக் கால்வாய் காப்புப் பகுதி என்பதெல்லாம் இடத்துக்கு இடம் வேறு; போகும் முன் மீன்வளத் துறையில் கேட்டுவிடுங்கள்.

எல்லாரும் யோசிக்காத ஒன்று, மிகப் பெரிய மீனை விடுவது. கொடுவாவை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியப் பெருங்கடல் முதல் வட ஆஸ்திரேலியா வரை டெல்டாக்களில் வாழும் மீன். பெரும்பாலான கொடுவாக்கள் முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறுகின்றன. முட்டையிட உப்பு நீருக்கு வரும், குஞ்சுகள் கழிகளின் வழியே உள்ளே போகும். ஆக உங்கள் கையில் இருக்கும் ஆளுயரக் கொடுவா ஏறக்குறைய நிச்சயமாக ஒரு தாய். அத்தனை வருடம் வலையிலும் வாயிலும் சிக்காமல் தப்பி வந்தது. நாங்கள் நடுத்தர மீன்களை வைத்துக்கொண்டு பெரியதை விட்டுவிடுகிறோம். முதல் முறை விட்டபோது மனசு கேட்கவில்லை, உண்மைதான். ஈரக் கையால் பிடித்து, ஒரு கை வாலடியிலும் ஒரு கை வயிற்றடியிலும் கொடுத்து, ஓட்டத்துக்கு எதிராக முகம் வைத்து நீரில் நிறுத்தினோம். செவுள் இரண்டு மூன்று முறை திறந்து மூடியது, அப்புறம் கையை உதறிவிட்டு ஆழத்துக்குப் போய்விட்டது. அந்த வாலின் உதறலை இப்போதும் உள்ளங்கையில் உணர முடிகிறது.

வைத்துக்கொள்ளும் மீனை வெயிலில் துடிக்க விடாதீர்கள். உடனே கொன்று, செவுளில் வெட்டி ரத்தம் வடியவிட்டு, பனிக்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த பெட்டியில் போடுங்கள்.

இடி மின்னல் வந்தால்?

வருவதற்கு முன்பே கரையில் இருக்க வேண்டும். திறந்த படகில் ஒதுங்க இடம் கிடையாது, நீர்ப்பரப்பில் உயரமாக இருப்பது நாம்தான். மின்னலைப் பார்த்து முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் ஒரு வீச்சு கூட வேண்டாம். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்தே திரும்ப இறங்கலாம். கார்பன் கோல்கள் மின்சாரத்தைக் கடத்தும், படுக்க வையுங்கள். கால்வாயைக் கடக்கும் மின்கம்பிக்கு அடியிலும் கோலை உயர்த்தாதீர்கள்.

மீன் பிடிப்பதில் ஆர்வமே இல்லாத நண்பரை அழைத்துப் போகலாமா?

அழைத்துப் போங்கள். எங்கள் ஐந்தாவது ஆள் அப்படி வந்தவர்தான். மனைவி இறந்த பிறகு ஒரு வருடம் அவர் வீட்டைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தால் நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்து என்ன பேசுவது என்று இரு பக்கமும் தெரியாது. படகில் எல்லாரும் ஒரே திசையில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், பேசியே ஆக வேண்டும் என்பது இல்லை. மூன்றாவது முறை வந்தபோது, மிதவையைப் பார்த்தபடியே, ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் எப்படி இருந்தது என்று அவராகவே சொல்லத் தொடங்கினார். ஏறக்குறைய ஒரு மணி நேரம். யாரும் தூண்டிலை எடுக்கவில்லை.

அப்படிப்பட்டவருக்கு ஒரு வேலை கொடுங்கள், சும்மா உட்கார வைக்காதீர்கள். நீர் திரும்பும் நேரத்தை எழுதும் நோட்டு இப்போது அவரிடம்தான் இருக்கிறது. எந்தப் பறவை எந்த நீரில் எங்கே நின்றது என்றும் சேர்த்து எழுதுகிறார். கொக்குகள் வரிசையாக நிற்கும் ஓடை வாயில் சிறு மீன் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அவர் எழுத்தில்தான் நாங்கள் முதலில் கவனித்தோம்.

வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போவது?

வாயால் சொன்னால் மறந்துபோகும், எழுதிக் கொடுங்கள். யார் யார் போகிறோம், படகின் நிறமும் பதிவு எண்ணும், எந்தத் துறையில் இறங்குகிறோம், எந்தக் கால்வாயில் எதுவரை போவோம், எத்தனை மணிக்குக் கரை சேருவோம், எத்தனை மணி வரை தகவல் இல்லாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். கடைசி இரண்டும் வேறு வேறு நேரங்கள். இடையில் இரண்டு மணி நேரம் விட்டு எழுதுங்கள், இல்லாவிட்டால் ஒரு சின்னத் தாமதத்துக்கெல்லாம் வீட்டில் பதறுவார்கள். டெல்டாவின் உள்பகுதியில் பல இடங்களில் போனுக்கு சிக்னல் இருக்காது, ஆகவே போன் இருக்கிறதே என்று இந்தத் தாளை விட்டுவிடாதீர்கள். இடத்தை மாற்றுவதாக இருந்தால் சிக்னல் இருக்கும்போதே சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

எங்கள் வீட்டில் இந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும். நான் திரும்பியதும் என் மனைவி அதைக் கிழித்துப் போட்டுவிடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் வேறு எதையோ தேடும்போது அலமாரியில் ஒரு உறையைப் பார்த்தேன். முதல் பயணத்திலிருந்து எல்லாத் தாளும் அடுக்கி இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் அவள் கையெழுத்தில் நான் வீட்டுப் படியேறிய நேரம், நிமிடத்தோடு. சேற்றில் மாட்டிய அன்றைய தாளில் மட்டும் நேரத்துக்கு முன்னால் ஆறு நேரங்கள் எழுதி அடித்திருந்தன.